பூதக்கண்ணாடி அக்காவின் டீசல் ஃபில்டர்

எங்கள் தெருவில் முகத்துக்கு நேரே அவர் 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி'. பதினோரு வருடம் பாட்டில் தொழிற்சாலையில் சோதனை வேலை பார்த்தவர். பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்களை விளக்கொளியில் பார்த்து, விரிசல் விட்டதைத் தட்டி ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் குறை தேடியே பழகிய கண்கள், தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகும் ஓயவில்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தபால்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால், கடிதத்தின் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

வேலை போனதும் ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கி, விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் சலவைக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் தொழிலைத் தொடங்கினார். வாரத்தில் நான்கு நாள் அக்கா ஓட்டுவார், இரண்டு நாள் அவருடைய தம்பி. வீட்டுக்காரர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர்.

ஒரு வியாழக்கிழமை, மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஈர மூட்டைகளோடு ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது, ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மாசம்தான் ஆகுது, ரெண்டு ஃபில்டரையும் மாத்திட்டேன்னு சொன்னான் அந்த மெக்கானிக். மாத்தினானா, துடைச்சு மாட்டினானான்னு பாத்துடறேன்" என்றார் அக்கா.

அதைக் கண்டுபிடிக்க அப்போதே ஒரு வேலை செய்து வைத்திருந்தார். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முந்தின நாள், இரண்டு ஃபில்டரிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த என்னை டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார். போனபோது அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கியிருந்தார். புது ஃபில்டர்களும் தயாராக இருந்தன. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் இரண்டு பெட்டிகளின் ஓரம் நசுங்கியிருந்ததாம். உள்ளே போய்த் தானே பொறுக்கி எடுத்து வந்திருந்தார்.

முதலில் இன்ஜின் பக்கத்து ஃபில்டர். தகரக் குடுவை போல முழுசாகத் திருகிக் கழற்றுவது. நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தோம். பொட்டு இல்லை. மெக்கானிக் மாற்றித்தான் இருக்கிறான். அக்காவின் முகத்தில் நிம்மதி வந்திருக்க வேண்டும், வந்தது ஏமாற்றம்.

அடுத்தது ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, சட்டத்தோடு பொருத்தியிருப்பது. டீசலில் தண்ணீர் இருந்தால் பிரித்துத் தேக்கிவைப்பதும் அதுதான். அக்கா மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். நான் டார்ச்சைத் திருப்பினேன். பொட்டு செக்கச்செவேல் என்று அப்படியே இருந்தது.

"மாட்டிக்கிட்டான்!" என்று வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினார் அக்கா. படுத்த வாக்கிலேயே போன் போட்டார்.

"பொட்டு வச்சிருந்தேன்பா! நான் வச்ச பொட்டு அப்படியே இருக்கு. என்ன சொல்ற இப்ப?"

மறுமுனையில் மெக்கானிக், "எட்டு வருஷமா என்கிட்ட வண்டி விடறீங்க. எட்டு வருஷமும் பொட்டு வச்சுத்தான் விட்டீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டான். போனை வைத்துவிட்டான்.

சத்தம் கேட்டு டீ டம்ளரோடு வெளியே வந்த வீட்டுக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"எதுமேல வச்ச?"

"ஃபில்டர் மேலதான்."

"அது டப்பா. ஃபில்டர் உள்ள இருக்கும்."

அக்கா கீழே தட்டை வைத்து அடித் திருகைத் திறந்தார். டீசல் இறங்கவில்லை, கலங்கிய பழுப்புத் தண்ணீர் கொட்டியது. டப்பாவைக் கழற்றினால், உள்ளே ஃபில்டர் கருப்புப் பாசி பிடித்தது போல இருந்தது. விளிம்பைத் துணியால் துடைத்தார். மெக்கானிக் மார்க்கர் பேனாவால் எழுதிய தேதி தெரிந்தது. சரியாக இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

வேறு யாராக இருந்தாலும் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அக்காவுக்கோ அடுத்த கேள்வி முளைத்துவிட்டது. இவ்வளவு தண்ணீரை ஊற்றியது யார்?

கெட்ட நேரம், வண்டி தயாராகிவிட்டதா என்று பார்க்கத் தம்பி அப்போதுதான் உள்ளே வந்தான்.

"ஏண்டா, டீசல உறிஞ்சி வித்துட்டு, அளவு குறையாம இருக்கத் தண்ணிய ஊத்தி வைக்கிறியா?"

தம்பி தட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். தன்னிடமிருந்த மாற்றுச் சாவியை எடுத்து மதில்மேல் வைத்தான்.

"நான் டேங்க் மூடியத் தொட்டே வருஷமாச்சு. பங்க்ல ஏமாத்துவாங்க, நீ போடாத, நானே டிரம்முல வாங்கி வச்சு ஊத்திக்கறேன்னு சொன்னது நீதான்."

போய்விட்டான். அவன் செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

வீட்டுக்காரர் ஒரு ரப்பர் குழாயையும் காலி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். டிரம் அங்கே தகரக் கூரையின் ஓரத்தில் நின்றது. கூரையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் அதன் தலையில் குளமாகத் தேங்கியிருந்தது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. டிரம்மின் அடியிலிருந்து உறிஞ்சிய பாட்டிலை அக்காவின் கையில் கொடுத்தார். கீழே பாதிக்குத் தண்ணீர், மேலே டீசல். நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றது.

அக்கா அந்தப் பாட்டிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் நிமிரவே இல்லை. டேங்கை அடியோடு வடித்தார். புது ஃபில்டர்கள் இரண்டையும் மாட்டி, ரப்பர் வளையத்தில் டீசல் தடவி டப்பாவை இறுக்கினார். தெருமுனைப் பங்க்கிலிருந்து வீட்டுக்காரர் கேனில் கொண்டுவந்த டீசலை வாயைத் திறக்காமல் ஊற்றினார். கை பம்பை அழுத்தி அழுத்திக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். சாவியைத் திருப்பியதும் வண்டி இரண்டு தடவை இருமி அணைந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

கையைக்கூடக் கழுவாமல் அதே வண்டியில் தம்பி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"தப்பு என்மேலடா. டிரம்முல மழைத்தண்ணி. உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அக்கா நீட்டிய மாற்றுச் சாவியைத் தம்பி உடனே வாங்கவில்லை. "எனக்கும் எங்கேயாவது பொட்டு வச்சிருக்கியா? முதுகுல கிதுகுல?" என்றான். அக்கா சிரிப்பதற்குப் பதில் அழுதுவிட்டார். திங்கட்கிழமை தம்பி வேலைக்கு வந்தான்.

மெக்கானிக் அப்படி இறங்கி வரவில்லை. அக்கா ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, ஸ்டூல் எடுத்துப் போட்டு மரியாதையாகத்தான் பேசினான். "டிரம்ம நிறுத்தி வைக்காதீங்க, படுக்க வைங்க. தலையில தண்ணி தேங்காது" என்று யோசனையும் சொன்னான். ஆனால் வண்டியை எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டதற்கு, "உங்க வண்டிய நீங்களே நல்லாப் பாக்கறீங்க அக்கா. நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து ஃபில்டர் மாற்றுவதெல்லாம் வீட்டில்தான். ஒருமுறை டார்ச் பிடித்துக்கொண்டே கேட்டேன்: "ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையா அக்கா?"

"இருக்காங்க" என்றார், வண்டிக்கு அடியிலிருந்து. "ஆனா அவன் ஒருத்தன்தான் ஒழுங்காச் செய்வான்."