எஞ்சினை எதைப் போட்டு மூடுவது?

எஞ்சினைப் பிரிக்க ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், மூடுவதற்குத்தான் மெக்கானிக் வேண்டும். பைக் எஞ்சினின் அடிப்பாகம் இரண்டு அலுமினியப் பாதிகளாக இருக்கும். கிராங்கையும் கியரையும் உள்ளே வைத்து அந்த இரண்டையும் சேர்த்து முடுக்கினால், நடுவிலிருந்து ஒரு சொட்டு ஆயில் வரக்கூடாது. அதற்கென்று நடுவில் வைக்கிற பேப்பர் பேக்கிங் உண்டு. அது கடையில் கிடைக்காத நாளில் எதைத் தடவுவது என்பதில் ஆரம்பிக்கிறது நம் கஷ்டம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். நகக்கண்ணில் பேஸ்ட்டோடு சோற்றைப் பிசைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டு கட்சி

என் கூட்டாளி சகாயராஜ் ஷெல்லாக் கட்சி. வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக இருக்கும் அந்தப் பசையைத் தடவினால் அப்புறம் விடவே விடாது. அடுத்த முறை எஞ்சினைப் பிரிக்கும்போதும் விடாது என்பதுதான் எனக்குத் தகராறு. உளி வைத்துச் சுரண்டுவான், இரண்டு பாதிகளும் சேர்கிற முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே ஆயில் கசியும். நான் டியூப்பில் வரும் சாம்பல் கலர் பேஸ்ட் கட்சி.

ஒருநாள் ஒரு தமிழாசிரியரின் எஞ்சினை இறக்கிப் பிரித்து, எல்லாம் கழுவித் துடைத்து, மூட வேண்டிய நேரத்தில் எங்கள் சண்டை ஆரம்பித்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நான் பஸ்ஸுலயே ஸ்கூலுக்குப் போயிட்டு வரேன். மூடினதும் சொல்லி அனுப்புங்க."

கப்புக்கு ஒட்டுகிற பசை

கலியமூர்த்திக்கு செராமிக் கம்பெனி ஒன்றில் டீ கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை. களிமண்ணைக் கூழாகக் கரைத்துத் தொட்டு, ஒரு அழுத்து அழுத்துவார். நாளெல்லாம் அதே வேலை. தன் வண்டி எஞ்சினை அவரே வூட்டில் பிரித்து, அவரே மூடி, மூன்றாம் நாள் எங்களிடம் தள்ளிக்கொண்டு வந்தார். ஆயிலைத் திறந்துவிட்டால் மோர் மாதிரி வருகிறது. பிரித்துப் பார்த்தோம். இரண்டு பாதிக்கும் நடுவில் கப்புக்குப் போடுகிற அதே களிமண் கூழ். பாதி அங்கே இருந்தது, மீதி பேரிங்குக்குள் போயிருந்தது.

"என்னங்க இது?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, ஆனால் துளியும் தளராமல் பதில் சொன்னார்: "நாங்க ஒட்டினதும் சூளையில வெச்சு சுட்டுடுவோம்ங்க. எஞ்சினு அந்த அளவுக்குச் சூடாவலை, அதான் புடிக்கலை."

சிவப்பு டியூப்

கலியமூர்த்தியை நினைத்து ஒரு மாதம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் முறை வந்தது.

மங்கலம்பேட்டை ஹாஜா பாய் வளைகுடாவில் கட்டட வேலை செய்பவர். லீவில் வந்தபோது, அவர் தம்பியின் வண்டியை நான் நன்றாகச் செய்து கொடுத்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு டியூப் கொண்டுவந்து கொடுத்தார். பளபளப்பான டியூப், உள்ளே ரத்தச் சிவப்பில் பேஸ்ட். மேலே எழுதியிருந்தது எனக்குப் படிக்க வரவில்லை. ஆனால் ஒரு படம் இருந்தது. தொட்டி மாதிரி ஏதோ. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி என்று நானே முடிவு செய்துகொண்டேன். திறந்தால் குப்பென்று வினிகர் வாடை. ஃபாரின் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எஞ்சினுக்குப் போடலாமா என்று பாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது: "எங்க சைட்டுல எதுல ஓட்டை இருந்தாலும் இதைத்தான் போடுவோம், மெக்கானிக்கு!"

நின்றுபோன வண்டி

அந்த டியூப்பைத் திறந்தது கம்மாபுரம் பன்னீர்செல்வத்தின் எஞ்சினுக்கு. அவர் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். ஊசி மருந்தை உறைகுளிரில் வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைப் பைக்கில் கட்டிக்கொண்டு போவார். மாடு பருவத்துக்கு வந்து கத்துகிற அன்றைக்குப் போய்ச் சேராவிட்டால் மாட்டுக்காரருக்கு இன்னும் மூன்று வாரம் போச்சு. அதனால் கசியவே கூடாது என்று, ஜாங்கிரி பிழிகிற மாதிரி தாராளமாகப் பிழிந்து மூடினேன்.

இரண்டு வாரம் கழித்து வண்டி டிராக்டர் டிப்பரில் வந்து இறங்கியது. எஞ்சின் ஜாம். வழியில் நின்றுவிட்டதாம். அவர் கேனைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் நடந்து போய்ச் சேர்ந்தபோது, மாட்டுக்கார அம்மா காலையிலிருந்து மாட்டைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டு, அவிழ்த்துவிட்டிருந்தார்.

எஞ்சினைத் திறக்காமலே நான் கேட்டேன்: "ஆயில் மாத்தச் சொன்னேனே, மாத்துனீங்களா?" புது வேலை முடிந்து குறிப்பிட்ட தூரம் ஓடியதும் மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தேன். மனிதர் முகம் வாடிவிட்டது. "ரெண்டு நாள் தள்ளிப் போட்டுட்டேங்க. என் தப்புதாங்க, மன்னிச்சுக்கங்க."

வலைக்குள் இருந்தது

அவர் போனபிறகு எஞ்சினைப் பிரித்தோம். ஆயில் உள்ளே போகும் வழியில் தூசியைப் பிடிக்க ஒரு சின்ன வலை இருக்கும். அது முழுக்கச் சிவப்பாக, புழுப்புழுவாக அடைத்துக்கொண்டிருந்தது. நான் பிழிந்ததில் வெளியே பிதுங்கியதைத் துடைத்திருந்தேன். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? அதுதான் பிய்ந்து வந்து வலையை மூடி, ஆயில் ஏறாமல் எஞ்சின் காய்ந்துபோயிருக்கிறது.

சகாயராஜ் அலமாரியிலிருந்து அந்த டியூப்பை எடுத்து, மேலே இருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "டேய், இது வாஷ்பேஸின்டா."

கம்மாபுரத்தில் ஒரு பஞ்சாயத்து

பன்னீர்செல்வத்திடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பழியை அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டாரே. மறுநாள் காலை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கேனிலிருந்து புகை வருகிறது என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட, அடுத்த பஸ்ஸில் கெஞ்சி ஏறி வந்திருக்கிறார். வந்தவர், "என் கவனக்குறைவால உங்களுக்கும் கெட்ட பேரு" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. வலையை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு சிவப்புப் புழுவை நகத்தால் கிள்ளி எடுத்துப் பார்த்தார். "நேத்தே சொல்லியிருந்தா வூட்டுல அவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டேங்க. வாங்க, நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க" என்றார். போனேன். மோர் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு என்னுடையது, அவர் ஆயில் மாற்றாததால் இல்லை என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா புருஷனைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆயிலுக்கு யாருங்க திட்டுனா? மெக்கானிக்கு வாயைத் தொறந்ததும் ‘என் தப்பு’ன்னு ஒத்துக்கிட்டு வந்து நிக்கறாரே, அதுக்குத்தான் திட்டுனேன்."

மறுபடியும் மூடினோம்

எஞ்சின் தயாராகும் வரை என் வண்டியை அவரிடம் கொடுத்தேன். பத்து நாள் அதில்தான் மாடுகளுக்குப் போனார். இந்தமுறை சகாயராஜ் கடலூர் வரைக்கும் போய் பேப்பர் பேக்கிங் வாங்கி வந்தான். மூடுகிற அன்று, தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பன்னீர்செல்வம் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் பாதிகளின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, பேக்கிங்கை உட்கார வைத்து, மூலையில் மட்டும் விரல் நுனியால் சாம்பல் பேஸ்ட்டை இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி இழுத்தேன்.

அவர் ஸ்டூலை முன்னால் நகர்த்தினார். எட்டிப் பார்த்தார். நாற்பது ரூபாய் டியூப்பில் நான் மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க, கசிஞ்சிடப் போவுது, இன்னும் கொஞ்சம் தாராளமா தடவுங்களேன்."

கசியாத எஞ்சினைப் பார்த்து யாரும் இதுவரை ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பாராட்டியதில்லை, ஆனால் ஒரு சொட்டு விழுந்தால் வூட்டுவாசலில் வண்டி நின்ற இடத்துக்கே நம்மைக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டுகிற தொழில் இது.