தவம் அண்ணைக்குப் போட்ட ஆடம்பர வரி

1. "அன்ரி, நாங்கள் எந்த ரீம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை டோர்ட்மண்ட் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டோர்ட்மண்ட் அணிக்கு விளையாடிய மூன்று நெடுவல் பெடியள் அன்று காலைதான் விமானத்தால் இறங்கி, சூட்கேசோடு நேரே மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேர் லண்டன், ஒருவன் ரொறன்ரோ. நான் புள்ளி எழுதுகிற மேசையில் இருந்தேன். இடைவேளையில் அந்த ரொறன்ரோ பெடியன் என்னட்டை வந்து, குனிந்து, மெல்லக் கேட்டான்.

"அன்ரி, நாங்கள் எந்த ரீமுக்கு விளையாடுறம்?"

"தம்பி, நீ போட்டிருக்கிற பெனியனிலயே எழுதிக் கிடக்கு" என்றேன். பாவம், அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நானே வாசித்துச் சொன்னேன். "தாங்ஸ் அன்ரி" என்று போனவன் அடுத்த நிமிடமே கூடைக்குள் பந்தைப் போட்டுவிட்டு வளையத்தில் தொங்கினான்.

எதிரே வுப்பர்டால் அணி. அதற்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. ஜெனிற்றா என்ற பிள்ளைதான் நடத்துகிறாள். முதியோர் இல்லத்தில் தாதி வேலை. அவளுடைய அணியில் ஒருவன் பஸ் ஓட்டுகிறான், ஒருவன் பேக்கரியில் விடியப்புறம் மா பிசைகிறான். எல்லாரும் வேலைக் களைப்போடு வந்து பயிற்சி எடுக்கிற பிள்ளைகள். அவர்கள் அன்று தோற்ற தோல்வியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஜெனிற்றா பந்துகள் இருந்த வலைப்பையைத் தூக்கிக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"சாந்தியக்கா, இந்தாங்கோ லீக் தந்த பந்துகள். இந்தச் சுற்றோட நாங்கள் லீக்கை விட்டு நிக்கிறம்."

"ஏன் பிள்ளை, ஒரு ஆட்டம் தோத்ததுக்கே?"

"தோக்கிறது பிரச்சினை இல்லை அக்கா. எங்களைத் தோக்கடிக்கிற ஆக்களை ஒருக்காலாவது முந்திக் கண்டிருக்கோணும். ஒவ்வொரு முறையும் புதுமுகம். ஆரோட போட்டி எண்டே தெரியேல்லை."

"ஒரு மாசம் தா. நான் ஒரு வழி பாக்கிறன்" என்றேன். பந்துப்பையை அவள் திருப்பி எடுக்கவில்லை. அது என் கார் டிக்கியில் போய்க் கிடந்தது.

2. ஸ்ரொயர் சாந்தி

நான் ஆர் என்று சொல்லவேண்டும். டோர்ட்மண்டில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. ஜேர்மன் மொழியில் வரிக்கு ஸ்ரொயர் என்பார்கள். அதனால் எங்கள் சனம் எனக்கு வைத்த பெயர் ஸ்ரொயர் சாந்தி. கலியாண வீட்டில் சோற்றுக் கோப்பையோடு நின்றாலும் ஆராவது வந்து, "பிள்ளை, வரிக் கந்தோரில இருந்து ஒரு கடிதம் வந்து கிடக்கு" என்று தொடங்குவார்கள். ஓய்வு எடுத்தபிறகாவது நிம்மதியாக இருப்போம் என்று பார்த்தால், விடுவார்களா? பிடித்து எங்கள் தமிழ்ச் சனத்தின் கூடைப்பந்து லீக்குக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் நல்ல புளுகம், ஒரே சந்தோசம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடினவள் நான். விசில் சத்தம் கேட்டால் கால் இன்னமும் சும்மா இராது. ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்து நெடியும், தேத்தண்ணிப் போத்தலும், பெற்றோர் போடுகிற கூச்சலும் இல்லாவிட்டால் எனக்குக் கிழமையே முடியாது.

லீக்கில் மூன்றே மூன்று அணிகள். டோர்ட்மண்ட் அணியின் முதலாளி தவம் அண்ணை, பெரிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர். டுசல்டோர்ஃப் அணியின் முதலாளி றொபேட் அண்ணை, மன்னார்க்காரர், நகைக்கடை. இரண்டு பேரும் ஜேர்மனிக்கு வந்த காலத்தில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவரைக் காணாவிட்டால் மற்றவருக்குப் பொழுது போகாது, ஒருவரை மற்றவர் வெல்லாவிட்டால் நித்திரை வராது. தவம் அண்ணை லண்டனிலிருந்து ஒருவனை இறக்கினால் றொபேட் அண்ணை பரிசிலிருந்து இரண்டு பேரை இறக்குவார். ரிக்கெற், ஹோட்டல், சப்பாத்து, கைச்செலவு, எல்லாம் முதலாளி கணக்கு.

வுப்பர்டால் போனால் மிச்சம் இவர்கள் இரண்டு பேரும்தான். இரண்டு அணியை வைத்து நடத்தினால் அது லீக் இல்லை, சண்டை.

3. வரி பிறந்த கதை

தவம் அண்ணையின் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம் வைத்தோம். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கில் ஒரு முறை இருப்பதை நான் படித்துக்கொண்டு போயிருந்தேன். முதலாளிமார் வீரர்களுக்குச் செலவழிக்க இவ்வளவுதான் என்று ஒரு கோடு இருக்கும். கோட்டைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்டவேண்டும். திரும்பத் திரும்பத் தாண்டினால் வரி கூடும். கட்டுகிற வரியில் ஒரு பங்கு கோட்டுக்குள் நின்ற அணிகளுக்குப் போகும். எங்கள் லீக்குக்கும் அப்படி ஒன்று வைப்போம் என்றேன்.

"என்ரை காசை நான் செலவழிக்கிறன். இதில ஆருக்கு என்ன?" என்றார் தவம் அண்ணை.

"இவர் ஆள் இறக்க நான் வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறதே?" என்றார் றொபேட் அண்ணை.

"நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடியே போனால் ஜெனிற்றா போயிடுவாள். பிறகு ஆரை வெல்லப் போறியள்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் அரிசி மூட்டையைப் பார்த்தார்கள்.

காசு வரி போட்டால் இவர்களுக்கு உறைக்காது என்பது எனக்குத் தெரியும். வேறென்ன போடலாம்? எங்கள் அலுவலகத்தில் எல்லாருமாகச் சாப்பிடப் போனால் அவரவர் தட்டுக்கு அவரவர்தான் காசு. ஒருநாள் தவறுதலாக முழுப் பில்லும் ஒரு ஜேர்மன் சக ஊழியரின் கையில் போக, அந்த மனுசனின் முகம் வெளிறியதை நான் கண்டிருக்கிறேன். அந்த முகம்தான் எனக்கு நினைவில் வந்தது. "கோட்டைத் தாண்டுற முதலாளி அடுத்த சுற்றுக்கு மண்டபம் முழுக்கச் சாப்பாடு போடோணும்" என்றேன்.

"சரி" என்றார் தவம் அண்ணை. "நல்ல வரி" என்றார் றொபேட் அண்ணை. இவ்வளவு கெதியாக இந்த இரண்டு பேரும் எதற்கும் ஒத்துக்கொண்டதே கிடையாது. அப்போதாவது நான் உசாராகியிருக்க வேண்டும்.

றொபேட் அண்ணை மெல்ல ஒரு கேள்வி போட்டார். "சாந்தி, கனடாவில இருந்து என்ரை மச்சானின்ரை மகன் வாறான். விருந்தாளி. அவன்ரை ரிக்கெற் கணக்கில வராதுதானே?"

"எத்தினை அடி உயரம் அண்ணை உங்கடை விருந்தாளி?"

"கொஞ்சம் உயரம்தான்."

அதற்காகவே விதியை அகலமாக எழுதினேன்: கூடைப்பந்துக்காக முதலாளி போடுகிற எந்தக் காசும் கணக்கில் வரும். மச்சானின் மகனும் வருவான்.

4. உபயம்

அடுத்த சுற்றுக்கு நான் மண்டபத்துக்குள் கால் வைக்க, வாசலில் ஒரு பெரிய பதாகை. "ஆடம்பர வரி – இன்றைய உபயம்: தவம் அண்ணை, டோர்ட்மண்ட்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, விசரி! கோயில் திருவிழாவில் ஆறாம் திருவிழா ஆருடைய உபயம், ஏழாம் திருவிழா ஆருடையது, மேளம் எத்தனை கூட்டம் என்று போட்டிபோட்டுச் செய்கிற சனத்துக்கு, சோறு போடுவதைத் தண்டனை என்று நான் விதித்திருக்கிறேன். ஜேர்மன்காரரோடு இருந்து இருந்து என் மூளையும் அவர்களின் மூளைபோலவே ஓடத் தொடங்கிவிட்டது.

இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, கணவாய், சொதி, வட்டிலப்பம். தவம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பரிமாறினார். "வரி சாப்பிடுங்கோ, வரி சாப்பிடுங்கோ" என்று ஒவ்வொருவரின் தட்டிலும் கறியை ஊற்றினார். மண்டபப் பராமரிப்பாளர் குறூகர் ஒரு வெள்ளைக்காரர், சிரிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர். அவர் மூன்றாந்தரமும் தட்டை நீட்டிக்கொண்டு, அடுத்த வரி எப்போது கட்டுவார்கள் என்று என்னிடம் ஜேர்மனில் கேட்டார்.

றொபேட் அண்ணை விடுவாரா? அடுத்த சுற்றுக்குக் கோட்டை இரண்டு மடங்காகத் தாண்டினார். கார் தரிப்பிடத்தில் தட்டு வைத்துக் கொத்துரொட்டி. அந்தச் சத்தத்தில் விசில் கேட்கவில்லை. மச்சானின் மகன் வாசல் நிலையில் தலை இடிபடாமல் குனிந்துதான் உள்ளே வந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவராலும் ஓட ஏலவில்லை. இரண்டு அணியும் நடந்துதான் விளையாடின.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஜெனிற்றா கையைக் கழுவிவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, சாப்பாடு திறம். முந்திப் பசியோட தோத்தம், இப்ப வயிறு நிறையத் தோக்கிறம். கடைசிச் சுற்று வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு என்னைக் கேக்காதையுங்கோ."

5. வலிக்கிற இடம்

அன்றைக்கே விடையும் கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னப் பேச்சு என்று தவம் அண்ணை மைக்கைப் பிடித்தார். மைக் வேலை செய்யவில்லை. இவ்வளவு காசு போனபோது வாடாத முகம் அப்படியே வாடிவிட்டது. "ஹலோ, ஹலோ" என்று மைக்கைத் தட்டினார், வயரை ஆட்டினார், கடைசியில் காருக்கு ஓடிப்போய்ச் சொந்த மைக்கைக் கொண்டுவந்தார். றொபேட் அண்ணை அவருக்குப் பின்னால் தன் முறைக்காகக் கடதாசியோடு காத்து நின்றார். நான் புள்ளி மேசையில் இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். "சாப்பாட்டு வரி முடிஞ்சுது. இனிக் கோட்டைத் தாண்டுற முதலாளிக்குக் கடைசி நாள் மேடை இல்லை, பொன்னாடை இல்லை, மைக் இல்லை. மேடையில பேச முதலாளிக்கு வழமையாக் குடுக்கிற பத்து நிமிசம் கோட்டுக்குள்ள நிண்ட அணிகளுக்குப் பிரிச்சுக் குடுக்கப்படும். திரும்பவும் தாண்டினால் அடுத்த வருசமும் இல்லை."

பத்து நிமிடம் என்பது எங்கள் ஆட்களுக்கு வணக்கம் சொல்லவே காணாது. அதையும் பறித்தால்?

"தங்கச்சி," என்றார் தவம் அண்ணை, குரல் இறங்கிப் போயிருந்தது. "காசாக் கட்டேலாதே? வேணுமெண்டால் ரெண்டு மடங்காக் கட்டுறன்."

"ஏலாது அண்ணை."

"மைக் மட்டுமாவது..." என்றார் றொபேட் அண்ணை.

"ஏலாது எண்டால் ஏலாது."

அந்த வாரமே விமானப் போக்குவரத்து நின்றது. மச்சானின் மகன் ரொறன்ரோவிலேயே நல்லாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தவம் அண்ணை லண்டன் பெடியன் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குத் தன் கடை லொறி ஓட்டுகிற பெடியனையும் காசு மேசையில் நிற்கிற பெடியனையும் பயிற்சிக்கு அனுப்பினார். அவர்கள் நல்லாகவே விளையாடினார்கள். இதுவரை அவர்களை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜெனிற்றாவின் பெடியள் முதல் தடவையாக டுசல்டோர்ஃபை வென்று, கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

6. கடைசி நாள்

கடைசி ஆட்டம் டோர்ட்மண்டுக்கும் வுப்பர்டாலுக்கும். காலையில் தவம் அண்ணை கோட் சூட்டோடு என் மேசைக்கு வந்தார். சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது, பேச்சு எழுதின கடதாசி. கையில் ஒரு கடைப் பற்றுச்சீட்டு.

"இதையும் கணக்கில போடு."

பார்த்தேன். கூடைப்பந்துச் சப்பாத்துகள், ஒரு முழு அணிக்கு. "ஆருக்கு அண்ணை?"

"வுப்பர்டால் பெடியளுக்கு. போனமுறை பாத்தனியே, தேஞ்ச சப்பாத்தோட வழுக்கி வழுக்கி விழுந்தவங்கள். உவங்கள் வழுக்கி விழுந்து நான் வெண்டால் அது வெற்றியே? றொபேட் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சாகடிப்பான்."

"அண்ணை, இதைப் போட்டால் கோட்டைத் தாண்டீடுவியள்."

"தெரியும்."

"மைக் இல்லை."

"தெரியுமெண்டு சொல்லுறன் எல்லே!" என்று சினந்துவிட்டு, பையிலிருந்த கடதாசியைத் தடவிக்கொண்டு போய்ப் பார்வையாளர் வாங்கில் கடைசியில் இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சீட்டைக் கண்டும் காணாததுபோல விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. போட்டேன்.

ஆட்டம்! என் வாழ்நாளில் அப்படி ஒன்று பார்த்ததில்லை. ஒரு சப்பாத்தும் வழுக்கவில்லை. புள்ளி மாறி மாறி ஏறியது. முடிய இன்னும் சில வினாடிகள், டோர்ட்மண்ட் ஒரு புள்ளி முன்னுக்கு. பஸ் ஓட்டுகிற பெடியன் கோட்டோரத்திலிருந்து எறிந்தான். பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி, விழவா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே விழுந்தது. புள்ளி எழுதுகிறவள் எழும்பித் துள்ளக்கூடாது. நான் துள்ளினேன். தவம் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார், பிறகு தானும் எழும்பி, "அடிச்சான் பார், அடிச்சான் பார்" என்று கைதட்டினார்.

மேடையில் விதியை வாசித்தேன். தவம் அண்ணையின் பத்து நிமிடம், றொபேட் அண்ணைக்கு ஐந்து, ஜெனிற்றாவுக்கு ஐந்து. "வரி வரிதானே சாந்தி" என்று றொபேட் அண்ணை மைக்கை வாங்கி, தன் பத்தையும் அந்த ஐந்தையும் தாண்டிப் பேசினார். பிறகு ஜெனிற்றா வந்தாள்.

"சாந்தியக்கா, இந்த அஞ்சு நிமிசம் எனக்குச் சொந்தம்தானே?"

"ஓம்."

"அப்ப நான் ஆருக்கும் குடுக்கலாம்தானே?"

விதியில் அதற்குத் தடை இல்லை. அவள் இறங்கிப்போய், கடைசி வாங்கில் இருந்த தவம் அண்ணையின் கையில் மைக்கை வைத்தாள். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அந்தப் பெரிய மனுசன் கண்ணைத் துடைத்தார், கடதாசியை எடுத்தார், அவ்வளவுதான், பிறகு ஆராலும் நிற்பாட்ட ஏலவில்லை. ஜெனிற்றா என் கார்த் திறப்பைக் கேட்டு வாங்கி, டிக்கியிலிருந்து பந்துப்பையை எடுத்துக்கொண்டு வந்து, தன் காலடியில் வைத்துக்கொண்டு பேச்சைக் கேட்டாள்.

இனி இந்தச் செயலாளர் வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வரி போடுமுன் அந்த ஆளுக்கு எது இனிக்கிறது, எது வலிக்கிறது என்று பாருங்கோ. எங்கள் ஆட்களுக்குக் கொடுப்பது வலிக்காது.

மண்டபம் பூட்டும் நேரம் வந்துவிட்டது. குறூகர் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டுச் சைகை காட்டினார், பிறகு முழுதாகவே அணைத்துவிட்டார். மைக்கும் நின்றது. தவம் அண்ணை நிற்கவில்லை. அந்த இருட்டுக்குள் அவருடைய குரல் கணீரென்று கேட்டது.

"ஆனபடியால், அடுத்த வருசம் முதல் சுற்றுச் சாப்பாடு என்ரை உபயம்!"

மண்டபத்தின் மற்றப் பக்கத்திலிருந்து றொபேட் அண்ணை கத்தினார். "இல்லை, அது என்ரை!"

அதற்கு மட்டும் நான் ஒரு கோடும் போடவில்லை.