பலிபீடத்தருகே குழலூதியவன்

இங்கே வெளிநாட்டில், நோர்பரி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கோயிலில் திருவிழா நாட்களில் நாதஸ்வரம் வாசிக்கிறேன். மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறேன். போன வருடத் திருவிழாவின் நாலாம் நாள் ஒரு வெள்ளைக்காரர் வந்து, எனக்கு ஆறடி தள்ளி நின்று, கையடக்கமான ஒரு கருவியை என் பக்கம் நீட்டிப் பிடித்தார். சாமியைப் பார்க்கவேயில்லை. அடுத்த நாளும் வந்தார்.

பின்வீதியில் யாரோ கோயில் சத்தம் பற்றிக் கவுன்சிலுக்கு, அதாவது நகரசபைக்கு, முறையிட்டதாக அப்போது ஒரு கதை அடிபட்டது. இவர் அதை அளக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. சப்பாத்தைக் கழற்றி அவர் ஒழுங்காக ஓரத்தில் வைத்ததுகூட, இப்படிப் பல இடங்களுக்குப் போய்ப் பழகிய அதிகாரியின் வேலை மாதிரியே தெரிந்தது. அன்று தீபாராதனைக்கு அடக்கி வாசித்தேன். பக்கத்தில் தவில் வாசித்த அண்ணை குனிந்து கேட்டார்.

"ஏன் தம்பி, காய்ச்சல் வந்த வருத்தக்காரன் மாதிரி ஊதுறாய்?"

கண்ணால் அந்த மனிதரைக் காட்டினேன்.

பூசை முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வந்தார். நேற்றுத் தீபம் காட்டும்போது மட்டும் ஏன் மேளத்தைக் கூட்டினீர்கள் என்று கேட்டார். வாக்குமூலம் எடுக்கிறார் என்று நினைத்து, தெரியாது என்றேன். தாலி கட்டும்போதும் தீபம் காட்டும்போதும் கெட்ட சொல் காதில் விழாதிருக்கத்தான் கெட்டிமேளம் என்பது தெரியாத நாதஸ்வரக்காரன் உண்டா?

அவரோ ரோமாபுரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பழைய ரோமரின் திருவிழாக்களை ஆராய்கிறவராம். அங்கே மிருகத்தைப் பலியிடும்போது, அபசகுனமான சத்தம் எதுவும் கேட்காதபடி, பலிபீடத்தருகே ஒருவன் இரட்டைக்குழல் ஊதிக்கொண்டே நிற்பானாம். அவன் இடையில் நிறுத்தினால் சடங்கை முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். போனில் ஒரு கற்சிற்பத்தின் படத்தைக் காட்டினார். கன்னம் உப்பி ஒருவன் ஊதிக்கொண்டிருந்தான்.

கதை நன்றாகத்தான் இருந்தது. கவுன்சிலில் படித்தவர்கள் இல்லையா என்ன? அப்படியென்றால் அந்தக் கருவியில் பதிந்ததைக் கேட்க வேண்டும் என்றேன். தயங்காமல் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். என் வாசிப்பு மெலிந்து கிடந்தது. தீபம் காட்டிய இடத்தில், அதற்கு மேலால், பெரிய றோட்டில் போன அம்புலன்சின் ஊளை கேட்டது. யாரோ ஒருவருக்கு உயிர் போகிற சத்தம் சாமிக்கு முன்னால் வந்திருக்கிறது, நான் பயந்து ஊதியதால். அந்த மனிதரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் முழு மூச்சில் ஊதினேன்.

மூன்று கிழமை கழித்து, மேளச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கோயிலுக்குக் கவுன்சில் கடிதம் வந்தது. கோயில் நிர்வாகசபையினர் என்னைக் கூப்பிட்டு, அந்த மனிதரோடு என்ன கதைத்தாய் என்று கேட்டார்கள். ரோமாபுரியைப் பற்றி என்றேன். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல ஏலாது. வந்தவர் உண்மையில் யார் என்று எனக்கே இன்னும் நிச்சயமில்லை.