பிடிக்காத பாடகரின் பழைய சிடிகள்

அந்தப் பைலாப் பாடகரை எனக்குப் பிடிக்காது. கலியாண வீடுகளில் எல்லாரையும் ஆடவைக்கும் அவருடைய பைலாப் பாட்டு தொடங்கினால் நான் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவேன். கோவில் மண்டபத்தில் ஆறு வருடம் சங்கீதம் படித்தவள் நான். அந்தக் கரகரத்த குரலும், எல்லாப் பாட்டுக்கும் விழும் ஒரே அடியும் எனக்குத் தலைவலியைத்தான் தந்தன. ஆனாலும் போன வருடம், மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய சிடிக் கடையில் அவருடைய ஆல்பங்களைத் தேடித் தேடி வாங்கினேன்.

காரணம் என் மகள். ஒன்றரை வயதாகியும் அவள் ஒரு சொல் பேசவில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், பல சமயம் திரும்பமாட்டாள். காது கேட்கிறதா இல்லையா என்று நாள் முழுவதும் சோதித்துக்கொண்டிருந்தேன். குசினியில் வேண்டுமென்றே சட்டி மூடியைக் கீழே போடுவேன். அவள் திரும்பிவிட்டால், என் கை அசைந்ததைப் பார்த்துத்தான் திரும்பினாளோ என்று மறுபடியும் போடுவேன். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ், காதைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார்.

அதற்குள் ஒரு நாள் அந்தக் கடையின் வாசற்பலகையில் ஏறியதும் மகள் என் விரலை விட்டுவிட்டுக் குதிக்கத் தொடங்கினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவருடைய பாட்டு. அந்த சிடியை அப்போதே வாங்கினேன்.

நானா என்று எல்லாரும் கூப்பிடும் கடைக்காரர், போட்டுக் காட்டாமல் எதையும் விற்கமாட்டார். "கீறல் விழுந்தத உங்க தலையில கட்டிட்டு, நாளைக்கு உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிற தங்கச்சி?" என்பார். பலகைத் தரையில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் முதல் பாட்டை ஓடவிடுவார். மகள் வெறுங்காலோடு ஆடுவாள்.

"புள்ள நல்ல பைலாக்காரி. நீங்கதான் செத்த வூட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க."

வீட்டிலும் பழைய சிடி செட்டை மாடியின் பலகைத் தரையில் வைத்துப் போட்டேன். ஆடினாள். ஃபோனில் அதே பாட்டைப் போட்டால் தட்டிவிட்டாள். சின்னச் சத்தம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பாட்டில் அவர் ஒரு வரியை அழகாக இழுத்துப் பாடியிருந்தார். அதை ரசித்துவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

கணவர் சீகிரியாவில் ஹோட்டலில் வேலை செய்கிறார். ஃபோனில் சொன்னபோது சிரித்தார். "காது கேக்காத புள்ள ஆடுமா? நீ சும்மா பயந்து சாவுற." எனக்கும் அந்தப் பதில்தான் தேவைப்பட்டது. மிட்வைஃப் மிஸ் மறுபடி விசாரித்தபோது, "பாட்டுக்கு ஆடுறா மிஸ்" என்று சமாளித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை; திட்டுவாங்களோ என்று அடுத்த கிளினிக்குக்கும் பிந்திப் போனேன்.

ஐந்தாவது ஆல்பம் வாங்கப் போன அன்று பெரிய ஸ்பீக்கர் பழுதாகிக் கிடந்தது. நானா மேல் தட்டில் இருந்த ஒரு சின்ன ரேடியோ செட்டில் சிடியைப் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டினார். எனக்குக் காது வலித்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மகள், கையில் இருந்த சிடி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானா அடுத்த பாட்டைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். பிறகு குனிந்து, பலகைத் தரையில் கையால் ஒரு தட்டுத் தட்டினார். மகள் உடனே திரும்பிச் சிரித்தாள்.

"தங்கச்சி," என்று மெதுவாகச் சொன்னார், "புள்ளக்கி காலாலதான் கேக்குது போல."

நான் எதையும் வாங்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ரோட்டோரம் நின்றே கணவருக்கு ஃபோன் எடுத்தேன். "லீவு போட்டுட்டு வாங்க" என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

பரிசோதனை முடிந்து, இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகவும் குறைவு, கருவி பொருத்த வேண்டும் என்றார் டொக்டர். எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும் என்றும் சொன்னார். பிறகு படிவத்தை எடுத்து, எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டார்.

"போன வாரம் ஒரு கடையிலதான் கண்டுபிடிச்சோம்" என்றார் கணவர்.

டொக்டர் அதை எழுதினார். நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல டொக்டர்," என்றேன். "எனக்கு முன்னாலயே தெரியும். ஆடுறான்னு சொல்லிட்டு வராம இருந்தேன்."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டொக்டர் எழுதியதை வெட்டிவிட்டு, "எத்தன மாசமா?" என்று கேட்டார்.