இடது காதில் குத்திய கரண்டி

எங்கள் பக்கத்துப் பண்ணை அல்ஃபோன்ஸ் மான்சர் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் அப்பென்செல் மலைநாட்டில் யாரும் இல்லை. சூப்பைக்கூட நின்றபடிதான் குடிப்பான். மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு மலைக்கு ஊர்வலமாக ஓட்டும் நாள் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுவான். போன வருடம் தொப்பிப் பூவைப் பின்பக்கம் செருகி வந்த ஓர் ஆளைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினான். உடுப்பில் அவ்வளவு கறார்.

இந்த வருடம் அவன் தவிப்புக்குக் காரணம் இருந்தது. மகன் பேடாவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. மஞ்சள் தோல் காற்சட்டையும், பூவேலை செய்த கையில்லாச் சிவப்புச் சட்டையும், பித்தளைப் பசு பதித்த தோள்வாரும் போட்டு, ஊர்வலத்தின் முன்னால் வெள்ளாடுகளை நடத்தப்போகிறான். கல்யாணமான நாளிலிருந்து அல்ஃபோன்ஸ் காத்திருந்தது இதற்குத்தான். குறை ஒன்றுதான்: வலது காதில் தொங்க வேண்டிய குட்டிக் கரண்டி, பாலாடை எடுக்கும் கரண்டியைப் போலவே செய்த காதணி. காது குத்தாமல் அதை எங்கே மாட்டுவது? நாள் குறித்தபோதெல்லாம் பேடா வைக்கோல் பரணில் ஏறி ஒளிந்துகொண்டான்.

கடைசியில் கிளம்பும் நாள் காலையில்தான் பிடித்தார்கள். காது குத்துவது நான்; இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேரின் காது என் ஊசியைப் பார்த்திருக்கிறது. அவன் அம்மா ரோசாலியா அவனை மடியில் போட்டு அழுத்திப் பிடித்திருந்தாள். நான் ஊசியைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பயல் துள்ளி மறுபக்கம் புரண்டிருக்கிறான். மேலே தெரிந்த காதில் குத்திக் கரண்டியையும் மாட்டிவிட்டேன். பெருமையோடு நிமிர்ந்தால் வாசலில் அல்ஃபோன்ஸ் நிற்கிறான்.

"பிரீடாக்கா, அது இடது காது."

எனக்கு உயிரே போய்விட்டது. முப்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை. வலது காதிலும் குத்திவிடலாம் என்றேன். பேடா அதைப் பொத்திக்கொண்டான். கையைப் பிய்த்தால்தான் உண்டு. மணி கட்டிய மாடுகள் கத்தத் தொடங்கின. அல்ஃபோன்ஸ் தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். உடுப்பைக் கழற்று, என் தங்கை மகன் ஆடு ஓட்டட்டும் என்று நடந்துகொண்டே சொன்னான்.

பேடா அழவில்லை. ஒரு கை காதிலும் மறு கை காற்சட்டை இடுப்பிலுமாகத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்தான்.

"கழட்ட மாட்டேன். எல்லாருக்கும் பின்னாடி, நாய்க்கும் பின்னாடி வரேன்பா."

அல்ஃபோன்ஸ் இன்னும் எத்தனை நடை நடந்தானோ தெரியாது. பாழாய்ப்போன என் கையைத் திட்டிக்கொண்டேன். திடீரென்று என் முன்னால் வந்து நின்றான். தன் வலது காதுக் கரண்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்தான்.

"எனக்கும் இடப்பக்கமே குத்துங்க."

"பைத்தியமாடா உனக்கு? ஊர்வலத்துல அந்தத் தோள்லதான பால் கறக்குற மரவாளி தொங்கப்போவுது. மலை ஏறுற வரைக்கும் காதுல உரசும்."

"உரசட்டும். எம்புள்ளைய மட்டும் ஒருத்தன் பார்த்துச் சிரிக்கப்படாது."

குத்தினேன். நாற்பது வயதுக் காது தடித்திருந்தது. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. பேடா தொட்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து, அப்பன் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பேடாவின் வலது காது இப்போது என் முகத்துக்கு நேரே, பொத்துவாரில்லாமல் இருந்தது. நான் ஊசியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.