வெறுங்கையும் இரண்டு வளையலும்

வளையல்களைக் கழற்றி, ரிப்பேருக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார் பேச்சிச்செல்வி அக்கா. "பிடிலே. இது உசுரோட எந்திரிச்சாத்தான் திருப்பி வாங்குவேன்." உலோகம் உள்ளே பட்டுவிடக் கூடாது, சரி. மேசைமேல் வைத்தால் என்னவாம்? வைக்க மாட்டார்.

அடுத்து மூக்கு. திருகாணியைத் தொடுமுன் பெட்டியின் பின்புறம் குனிந்து முகர்வார். பிரிண்டருக்கு மை வாங்க அவர் கடைக்குப் போன நான், வந்த வேலையை மறந்து நின்றது இந்த மூக்கினால்தான்.

அன்று வளையல்களோடு நின்றவன் ரெக்ஸ், கல்யாண வீடியோ எடுப்பவன். ஜெயஷீலா என்ற பெண்ணின் கல்யாணத்தை எடுத்திருந்தான். அவளைக் கைபிடித்து மாதாகோயிலுக்குள் அழைத்து வந்த அப்பா பொன்னுதுரை அடுத்த வாரமே இறந்துபோனார். நான் கடையில் நின்ற அன்றைக்கு மறுநாள் அவருக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்ததும் வீட்டில் படத்தைக் காட்டுவதாக ரெக்ஸ் வாக்குக் கொடுத்திருந்தான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிராசசரை ஓவர்கிளாக் செய்து, அதன் அளவுக்கு மீறி ஓட விரட்டியிருக்கிறான். இப்போது உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை.

"பிராசசர் செத்துப்போச்சாக்கா?"

"வாயை மூடுதியா? முதல்ல படம்." டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். "பெரியவரு பத்திரமா இருக்காரு. ஆனா வெட்டி ஒட்ட என் ஓட்டைப் பெட்டி தாங்காது. உன்னுதுதான் எந்திரிக்கணும்."

உள்ளிருந்த பொட்டு பேட்டரியை நெம்பி எடுத்தார். "இவன் சொல்லிக்குடுத்த வேகத்தையெல்லாம் அது மறக்கட்டும்." திரும்ப மாட்டி ஓட்டினார். ஊஹூம்.

அக்கா மறுபடி முகர்ந்தார். "கருகுன வாடையே இல்ல. ஈர வாடைலா அடிக்கி. ஏலே, மூடியைத் திறந்து போட்டா ஓட்டுன?"

"சூடு தாங்கலக்கா. கடக்காத்து படட்டும்னு ஜன்னலோரமா வச்சேன்."

"நல்லா இருக்கே! தூத்துக்குடில பொறந்தவன் பண்ணுத காரியமா இது? ஜன்னக் கம்பியே உப்புல அரிச்சு நிக்கி. இதுக்குக் கடக்காத்து கேக்கோ?"

ரேம் பட்டையை உருவினார். அதன் தங்கநிற விளிம்பில் வெளுப்பாய்ப் பூத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் அதைத் தேய்த்தார். அது செருகும் பள்ளத்தை ஸ்பிரிட் தொட்ட பிரஷால் துடைத்தார். வாயில் வசவு ஓடிக்கொண்டே இருக்கிறது. கையோ, கைக்குழந்தைக்குக் காது துடைக்கிற பதத்தில் போகிறது. அடேயப்பா! ஒரே ஆளுக்கு இப்படி ஒரு வாயும் இப்படி ஒரு கையும் எப்படி வாய்த்தன என்று நான் மலைத்து நின்றேன்.

ரேமையும் டிஸ்க்கையும் திரும்ப மாட்டி, பொத்தானை அமுக்கினார். திரை வெளிச்சமானது. ரெக்ஸ் "யக்கா!" என்று கத்திக்கொண்டு வளையல்களை நீட்டினான்.

"இரு. படத்தை ஓட்டு."

கோயில் வாசல் தெரிந்தது. வெள்ளை வேட்டியில் பொன்னுதுரை, மகளின் கையைப் பிடித்தபடி மெல்ல உள்ளே வந்தார். ஸ்டூலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த பேச்சிச்செல்வி அக்கா எழுந்து நின்றார். பொன்னுதுரை பீடத்தருகே வந்து மகளின் கையை விடும்வரை அக்கா நின்றுகொண்டே இருந்தார். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் வெறுங்கையை ரெக்ஸ் பக்கம் நீட்டினார்.