பெரியப்பா இல்லாத பேனர்

என் தாய்மாமாவுக்குக் கம்ப்யூட்டர் சரிப்பட்டு வராது என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டாம் கருத்தே கிடையாது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் பேனர் டிசைன் கடை போட்ட பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பேனர் அச்சடிக்கும் இடத்தில் ஒரு மேடத்திடம் சில வாரங்கள் போய்க் கற்றுக்கொண்டு வந்தவர்தான். ஆனால் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. கடையில் ஆள் நிற்கும்போதே போன் போட்டு, “மேடம், தாத்தாவ மட்டும் நகத்துனா மொத்தக் குடும்பமும் நகருது மேடம்” என்பார். அந்தப் பக்கம் மேடம் சிரிப்பது எனக்கே கேட்கும்.

ஒவ்வொருவர் படத்தையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் ஒட்டுவதுபோல வைக்க வேண்டும், அந்தத் தாளுக்கு லேயர் என்று பெயர் என்பதை அவர் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆனது. ஒருமுறை ஒரு பையன் படத்தின் பின்னணியை வெட்டி எடுக்கும்போது காதையும் சேர்த்து வெட்டிவிட்டார். அது காதணி விழா பேனர். இருந்தாலும் எனக்கு அந்தக் கடை பிடிக்கும். திரையில் ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிக் கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் ஆள் மறைந்துவிடுவார், மறுபடி அழுத்தினால் வந்துவிடுவார். முன்பின் தெரியாத மாப்பிள்ளைகளை எல்லாம் நான் அப்படி மறைத்து மறைத்து விளையாடியிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் காது குத்தினார்கள். பேனர், மாமாவின் கைவண்ணம். அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் அப்பா கீரப்பாளையத்திலிருந்து என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார். பிறகு இருவரும் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். நான் சுழல் நாற்காலியில் தலை கிறுகிறுக்கும் வரை சுற்றிக்கொண்டிருந்தேன்.

விழா சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். எங்கள் பக்கத்தில் வாசல் பேனரில் தன் முகத்தைத் தேடாமல் யாரும் உள்ளே நுழைவதில்லை. பெரியப்பாவும் தேடினார். அவருக்கும் அப்பாவுக்கும் பொதுச் சுவரில் ஜன்னல் வைத்த தகராறில் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா நேரில் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அழைத்ததால் வந்திருந்தார். மேல் வரிசையில் காலமான தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். அடுத்த வரிசையில் அப்பா, சித்தப்பா. மாமா பெரிதாக ஓரத்தில் இருந்தார். பெரியப்பா எங்கேயும் இல்லை.

“வா போலாம்,” என்றார் பெரியம்மாவிடம். “வீட்டுக்கு வந்து கூப்புட்டுட்டு, வாசல்லயே நீ எங்களுக்கு இல்லன்னு எழுதி வச்சிருக்காங்க.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இன்று இவர் திரும்பிப் போனால் இனி எந்த நல்லது கெட்டதுக்கும் வரமாட்டார் என்பது எனக்கே தெரிந்தது. அப்பா பந்தல் கயிற்றைச் சரிபார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாமாதான் ஓடிவந்தார். “பெரிய மாமா, தப்பு என்னுது. ஒங்களுக்குப் பின்னால பூ போடறதுக்காக ஒங்க லேயர்ல கண்ண மூடி வச்சேன். திரும்பத் தொறக்க மறந்துட்டேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. “யாருகிட்ட கத வுடற?”

“கடைக்கு வாங்க, கண்ணால காட்டறேன்.” மாமா பட்டுப்பாவாடையோடு என்னையும் தூக்கிக்கொண்டார். நல்ல நேரம் போகிறது என்று அம்மா பதறினாள். “என் மடியில வச்சுத்தானக்கா குத்தணும். நானும் புள்ளயும் இல்லாம பத்தரு யாரு காத குத்துவாரு?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.

கடையில் கம்ப்யூட்டர் உயிர் பெறுவதற்குள் பெரியப்பா இரண்டு முறை எழுந்துவிட்டார். கடைசியில் பேனர் திரையில் வந்தது. மாமா கண்ணை அழுத்தினார். பெரியப்பா சட்டென்று வந்து நின்றார், அப்பாவின் பாதித் தோளையும் சித்தப்பாவின் ஒரு காதையும் மறைத்துக்கொண்டு. என் பேனரிலும் ஒரு காதை ஒழித்துவிட்டாரே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பெரியப்பா தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்குள்ள இருந்தனா?”

“மொதல்லேர்ந்து இருந்தீங்க மாமா.”

“நல்லா கத்துக்கிட்டுக் கடயப் போட்டிருக்கலாமேடா மாப்ள,” என்று மாமாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

காது குத்தும்போது நான் மண்டபமே அதிர அழுதேன். பந்தியில் அப்பா தானே பெரியப்பாவுக்குச் சாம்பார் ஊற்றினார். “போதும்டா,” என்றார் பெரியப்பா. அதுதான் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு.

மாமாவின் பெயர்தான் கெட்டது. சொந்தத்திலேயே சிலர் அடுத்த விசேஷத்துக்கு வேறு கடைக்குப் போனார்கள். அவரிடம் வந்தவர்களும் “கண்ணத் தொறந்தியாப்பா?” என்று கேட்காமல் போனதில்லை. மாமாவும் கூடவே சிரிப்பார்.

இப்போது நான் சென்னையில் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். மாமா செய்த தப்புகளில் ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த அந்தப் பழைய பேனரைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தாலும் முகங்கள் தெரிந்தன. லேயரின் கண்ணை மூடிவிட்டுத் திறக்க மறந்தால் அந்த ஆள் நின்ற இடம் காலியாக இருக்கும். எனக்கு எத்தனையோ முறை அப்படி ஆகியிருக்கிறது. ஆனால் இதில் அப்பாவும் சித்தப்பாவும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நடுவில் ஒரு விரல் வைக்க இடமில்லை. தாத்தாவை நகர்த்தினால் குடும்பமே நகர்கிறது என்று போன் போட்ட மனிதர், அந்த இடைவெளி தெரியாதபடி இருவரையும் தனித்தனியாக, அழகாக நகர்த்தியிருந்தார். அச்சுக்கு முந்தின நாள் அந்த டீக்கடையில் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கீழே வந்தேன். கூடத்தில் பெரியப்பா வழக்கம்போல, “என்ன மாப்ள, கண்ணு தொறந்துதான இருக்கு?” என்று கேட்டார். மாமா சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேலிக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. அப்பாவுக்கு நகைச்சுவை கொஞ்சம் மட்டு என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.